கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பெங்களூரு கலை மையத்துக்கு: போய், பார்த்து, அன்றிரவே வீடு திரும்ப

புதுப்படம் பார்க்க நம் ஊர் தியேட்டர்களே போதும். ஈரான் படம், ஜப்பான் பழைய படம், நவீன நாடகம், ஓவியக் கண்காட்சி என்று தேடுகிறவர்களுக்குத்தான் பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 140க்குள், ஓசூரிலிருந்து 40. சென்னையோடு ஒப்பிட்டால் இது பக்கத்து ஊர். அரசு கலையரங்கமோ மால் மல்டிபிளெக்ஸோ அல்லாமல், கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் அறக்கட்டளையாகவும் சங்கமாகவும் சேர்ந்து நடத்தும் மையங்கள் அங்கே பல இருக்கின்றன. நம் இரு மாவட்டத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காகத் தினமும் போய்வரும் அதே நகரில்தான் இவையும் இருக்கின்றன. இங்கே நுழைய யாருடைய சிபாரிசும் வேண்டாம், ஆங்கிலப் பேச்சும் வேண்டாம்.

திட்டத்தைப் போகும் பஸ்ஸிலிருந்து தொடங்காதீர்கள். திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால், எந்தக் காட்சிக்குப் போகலாம், எந்த மையத்துக்குப் போகலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

எந்த நாள், எந்தக் காட்சி

ஞாயிறு மதியக் காட்சிதான் நமக்குத் தோதானது. காரணம் கூட்டம் போகும் திசை. வெள்ளி மாலை பெங்களூரே ஊருக்குக் கிளம்பும். சில்க் போர்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் நம் பக்கம் வரும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஞாயிறு மாலை அந்தக் கூட்டம் முழுக்க பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். நாம் அதற்கு எதிர்த்திசையில் வருகிறோம். பெரும்பாலும் உட்கார்ந்தே வரலாம்.

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், அரண்மனை சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடம் இரண்டுக்கும் அன்று விடுமுறை. ஜே.பி. நகர் ரங்க சங்கராவிலும் வழக்கமாகத் திங்களன்று நாடகம் கிடையாது.

முதல் தடவை போகிறவர்கள் நகரின் தென்பகுதி மையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரங்க சங்கரா நாடகத்துக்கு. நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று கட்டியெழுப்பி 2004இல் திறந்த அரங்கம் அது. படத்துக்கு பனசங்கரி இரண்டாம் ஸ்டேஜில் உள்ள சுசித்ரா. 1971இல் திரைப்படச் சங்கமாகத் தொடங்கியது. இரண்டுக்கும் ஓசூர் சாலையிலிருந்து மெட்ரோவிலேயே பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். டொம்ளூரில் உள்ள பெங்களூரு இன்டர்நேஷனல் சென்டர், இந்திராநகரில் உள்ள ஜெர்மன் பண்பாட்டு மையமான கெதே இன்ஸ்டிட்யூட் இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் ஓசூர் சாலையில் நமக்கு முதலில் வரும் மெட்ரோ நிலையமான பொம்மசந்திராவிலிருந்து போனால் இரண்டு இடத்தில் லைன் மாற வேண்டும். அவற்றை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி விவரத்தை மையத்தின் சொந்த இணையதளத்திலும் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் பாருங்கள். டிக்கெட் ஆப்பில் கட்டண நிகழ்ச்சிகள் மட்டும்தான் தெரியும்; இலவசத் திரையிடல், பேச்சு, கண்காட்சி எல்லாம் பெரும்பாலும் அதில் வராது. பார்க்கும்போது நாலு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மொழி, சப்டைட்டில் உண்டா, எத்தனை நிமிடம், வயது வரம்பு என்ன. ஓடும் நேரத்தைப் பலர் பார்ப்பதில்லை. 90 நிமிட நாடகத்துக்கும் இடைவேளையோடு இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் நாடகத்துக்கும் நடுவில் நம் பஸ்ஸே போய்விடும். கிளம்பும் நாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள். நடிகர் உடல்நலம், திரைப்படக் கோப்பு வந்து சேராதது போன்ற காரணங்களால் கடைசி நேரத்தில் நிகழ்ச்சி மாறுவது உண்டு.

டிக்கெட்டும் முன்பதிவும்

சிறு அரங்குகளில் நாடக டிக்கெட் பெரும்பாலும் 200 முதல் 500 ரூபாய்க்குள் அடங்கும். 140 கிலோமீட்டர் தாண்டிப் போகிறவர்கள் கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக் கூடாது. ஆன்லைனில் வாங்கி, அதை ஸ்கிரீன்ஷாட்டாக போனில் வைத்துக்கொள்ளுங்கள். அரங்க வாசலில் நெட் கிடைக்காமல் தடவிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

இலவச நிகழ்ச்சியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெயர் பதிவு செய்துவிட்டால் நாற்காலி நம்முடையது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பதிவு செய்தவர்களில் ஒரு பங்கு வரமாட்டார்கள் என்ற கணக்கில் அரங்கின் கொள்ளளவுக்கு மேலேயே பதிவு எடுப்பது சகஜம். உள்ளே விடுவது முதலில் வந்தவர்களைத்தான். ஆகவே இலவசம் என்றால் அரை மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள்.

திரைப்படச் சங்கங்களில் சில திரையிடல் உறுப்பினர்களுக்கு மட்டும், சில எல்லோருக்கும். இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு உருவான காலத்திலிருந்தே சங்கப் படங்கள் உறுப்பினர்களை நம்பித்தான் ஓடுகின்றன. வணிக வெளியீட்டுக்கான தணிக்கைச் சான்றிதழ் பெறாத வெளிநாட்டுப் படத்தை விலக்கு பெற்று உறுப்பினர்களுக்கும் விழாப் பிரதிநிதிகளுக்கும் காட்டும்போது, 18 வயது நிரம்பாதவர்களை விடமாட்டார்கள். திரைப்பட விழாவுக்கும் இதே விதிதான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது. சாதாரணத் திரையிடல் என்றால் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள்: யு, யு.ஏ. 7+, 13+, 16+, ஏ.

போகும் வழி

2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் லைன் திறந்த பிறகு நம் பயணக் கணக்கே மாறிவிட்டது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 16 நிலையங்கள், 19 கிலோமீட்டர். சில்க் போர்டு நெரிசலுக்கு மேலேயே போய்விடுகிறோம்.

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ பெங்களூரு பஸ்ஸில் ஏறும் முன்பே, “அண்ணா, பொம்மசந்திரா மெட்ரோவுல நிறுத்துவீங்களா?” என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். இது சும்மா கேட்கும் கேள்வி அல்ல. சில எக்ஸ்பிரஸ் பஸ்கள் மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் நிற்கும். அங்கேயும் இறங்கத் தவறினால் வண்டி மேம்பாலத்தில் ஏறிவிடும், பத்து கிலோமீட்டர் தள்ளி பொம்மனஹள்ளிப் பக்கம்தான் தரையைத் தொடும். கண்டக்டர் மாட்டேன் என்றால் ஓசூரில் இறங்கி வேறு வண்டி பிடியுங்கள், அல்லது எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி அங்குள்ள நிலையத்தில் ஏறுங்கள்.

டோக்கனோ கியூ.ஆர். டிக்கெட்டோ கடைசியாக இறங்கும் நிலையம் வரைக்கும் ஒரே தடவையில் எடுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறும்போது வெளியே போகும் கேட்டைத் தாண்ட வேண்டியதில்லை. தாண்டிவிட்டால் புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டும். ரங்க சங்கராவுக்குப் போகிறவர்கள் ஆர்.வி. ரோடு வரை போகாமல் அதற்கு முந்தைய ராகிகுட்டா நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சுசித்ராவுக்கு ஆர்.வி. ரோட்டில் பச்சை லைன் மாறி அடுத்த நிலையமான பனசங்கரி. கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்துக்குப் பச்சை லைனில் மெஜஸ்டிக் வரை போய், ஊதா லைனில் மூன்றாவது நிலையமான கப்பன் பார்க். ஆட்டோவுக்கு நம்ம யாத்ரி ஆப் போட்டால் பேரம் பேசும் வேலை மிச்சம். ஆட்டோக்காரர்களில் பலருக்குத் தமிழ் தெரியும், தயங்க வேண்டாம்.

பெண்கள் கவனிக்க: கர்நாடக அரசு பஸ்களில் இலவசப் பயணம் தரும் சக்தித் திட்டம் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு முகவரி உள்ள ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

நேரக் கணக்கு இது. தருமபுரி–கிருஷ்ணகிரி ஒரு மணி நேரம். கிருஷ்ணகிரி–ஓசூர் ஒன்றே கால். ஓசூர்–பொம்மசந்திரா, அத்திப்பள்ளி நெரிசலோடு முக்கால் மணி நேரம். மெட்ரோ ஓடும் நேரம் அரை மணியைச் சற்றே தாண்டும், ஆனால் ரயிலுக்குக் காத்திருப்பது, வரிசை, பை சோதனை சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி ஆட்டோவுக்கு அரை மணி. ஆக, தருமபுரியிலிருந்து நாலரை மணி நேரம், கிருஷ்ணகிரியிலிருந்து மூன்றரை. கூகுள் மேப் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும். அது காரில் போவதற்கான கணக்கு.

ரயிலை நம்பலாமா? கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலே இல்லை. தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் போகும் வண்டிகள் உண்டு என்றாலும் எண்ணிக்கை குறைவு. காட்சி நேரத்தோடு ஒத்துவந்தால் மட்டும் பாருங்கள்.

வாசலில்

நம் பக்கத்துத் தெருக்கூத்துக்கு இரவு பத்துக்கும் போகலாம், பாதி ராத்திரியிலும் போய் முன்னால் பாய் விரித்து உட்காரலாம். இங்கே அது நடக்காது. ரங்க சங்கராவில் 7.30 நாடகம் என்றால் 7.30க்குக் கதவு சாத்திவிடுவார்கள். அதன் பிறகு யாருக்கும் திறப்பதில்லை, டிக்கெட் பணமும் திரும்ப வராது. வீம்புக்காக வைத்த விதி அல்ல இது. மேடை பார்வையாளர்களுக்குள் நீண்டிருப்பதால், நடிகர் நிற்கும் இடத்துக்கும் முதல் வரிசைக்கும் நடுவே சில அடிதான். அந்த இருட்டில் ஒரு கதவு திறந்தால் வெளிச்சக் கோடு நேராக நடிகர் முகத்தில் விழும். பார்ப்பவர், நடிப்பவர் இரண்டு பேருக்கும் காட்சி அறுந்துபோகும். தாமதமாக வருகிறவருக்காக, நேரத்துக்கு வந்த முந்நூறு பேரை ஏமாற்றக் கூடாது என்ற இந்த ஒழுங்கு நம் ஊர் விழா மேடைகளுக்கும் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் டிக்கெட்டைக் காட்டிவிட்டு, கேன்டீனில் ஏதாவது சாப்பிட்டு, கழிப்பறை போய்விட்டு நிதானமாக உட்காரலாம். சிறு மையங்கள் பலவற்றில் நாற்காலிக்கு எண் கிடையாது. கதவு திறந்ததும் உள்ளே போகிறவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். தின்பண்டம் அரங்குக்குள் கொண்டுபோக முடியாது. பெரிய முதுகுப்பை வேண்டாம். இரவு தங்காத பயணத்துக்குத் தோளில் மாட்டும் சின்னப் பையே போதும்.

போனைச் சைலன்ட்டில் போட்டால் மட்டும் போதாது; அணைத்துவிடுங்கள். மணி பார்க்க ஒருவர் திரையைத் தொட்டால் அந்த வெளிச்சம் பின்னால் பத்து வரிசைக்குத் தெரியும். பஸ் நேரக் கவலை இருந்தால் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போங்கள்.

எங்கே உட்காருவது, எப்படிப் பார்ப்பது

சப்டைட்டில் படத்துக்கு இருக்கை முக்கியம். சங்க அரங்குகள் சிலவற்றில் தரை அதிகம் சரிவாக இருக்காது. எழுத்து ஓடுவது திரையின் அடியில். முன்னால் இருப்பவர் தலை சரியாக அங்கேதான் மறைக்கும். நடைபாதையை ஒட்டிய நாற்காலியில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உட்காருங்கள். அங்கிருந்து முகமும் எழுத்தும் ஒரே பார்வையில் விழும். முன் வரிசையில் உட்கார்ந்தால் எழுத்துக்குக் கீழே, முகத்துக்கு மேலே என்று கண் அலைந்து அரை மணியில் களைத்துவிடும்.

ஆங்கில சப்டைட்டிலை வேகமாகப் படிக்க வராதே என்று ஒதுங்கிவிடாதீர்கள். பஸ்ஸில் வரும்போதே படத்தின் கதைச் சுருக்கத்தையும் முக்கியப் பாத்திரங்களின் பெயரையும் படித்துவைத்துக்கொள்ளுங்கள். கதையின் ஓட்டம் முன்பே தெரிந்திருந்தால் பாதி வரிகளைப் படிக்காமலேயே புரிந்துவிடும். இதுபோன்ற படங்களில் ரகசியம் தெரிந்துவிடுவதால் சுவை குறைவதில்லை.

கன்னட நாடகத்துக்குப் பெரும்பாலும் சப்டைட்டில் இருக்காது. ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர்ப் பக்கத்தினருக்கு அது ஒரு தடையே அல்ல. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாம். சென்னைவாசிக்கு இல்லாத வசதி இது. கன்னட நவீன நாடகம் இந்தியாவிலேயே வலுவான மரபுகளில் ஒன்று. பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் விடுவது நமக்குத்தான் நட்டம்.

பழைய படம் ஓடும்போது திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் புரொஜெக்டர் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1950களுக்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் சதுரத்தை ஒட்டிய 1.37:1 அளவில் எடுக்கப்பட்டவை. அப்படித்தான் காட்ட வேண்டும். மனிதர்கள் எல்லோரும் அகலமாகப் பருத்துத் தெரிந்தாலோ, சப்டைட்டிலின் கீழ்வரி வெட்டுப்பட்டாலோ அது தவறு. உடனே எழுந்து போய்ப் பின்னால் இருக்கும் தன்னார்வலரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். லென்ஸ் அமைப்பையோ திரை அளவையோ மாற்றினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். யாரும் சொல்லாததால் கடைசி வரை அப்படியே ஓடிப்போவதும் நடக்கும்.

படம் முடிந்ததும் பேச்சு இருந்தால், பஸ் அனுமதித்தால் இருங்கள். கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். பெங்களூரு அரங்கில் மொழிபெயர்த்துச் சொல்ல யாராவது கட்டாயம் இருப்பார்கள். ஒரே கேள்வி, இரண்டு வாக்கியம்.

கண்காட்சி

கேலரியில் எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க நினைக்க வேண்டாம். முதலில் ஒரு சுற்று வேகமாக நடந்துவிட்டு, பிடித்த நாலைந்தின் முன்னால் மட்டும் திரும்பி வந்து நின்று பாருங்கள். எட்ட நின்று ஒரு முறை, இரண்டடி நெருங்கி ஒரு முறை. நெருங்கும்போதுதான் தூரிகை எந்தப் பக்கம் இழுத்தது, எங்கே வர்ணம் தடிமனாகப் படிந்தது என்பது தெரியும். பக்கத்துச் சீட்டில் பெயர், ஆண்டு, பொருள், அளவு இருக்கும். அளவில் முதலில் வருவது உயரம், அடுத்தது அகலம். தனியார் கேலரியில் சீட்டின் ஓரம் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று பொருள்.

தொடக் கூடாது என்பதற்குக் காரணம் விரல் எண்ணெயும் உப்பும். துடைத்தாலும் போகாத கறையாக அவை மெல்ல ஊறும். ஃபிளாஷ் போடாமல் படம் எடுப்பது பல இடங்களில் அனுமதி, கேட்டுவிட்டு எடுங்கள்.

ஓவியம் என்றாலே பழக்கமில்லை என்கிறவர்கள் கூச்சமில்லாமல் தொடங்க நல்ல இடம் சித்ர சந்தை. கர்நாடக சித்ரகலா பரிஷத் குமார கிருபா சாலையில் வழக்கமாக ஜனவரி தொடக்க ஞாயிறு ஒன்றில் நடத்துவது. தெரு முழுக்க ஓவியர்கள் தாங்களே உட்கார்ந்து விற்பார்கள். எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஒரு ஞாயிறு, மணி வாரியாக

கிருஷ்ணகிரியில் காலை 6.30 பஸ், தருமபுரிக்காரர்கள் 5.30. பொம்மசந்திரா 8.30. மெஜஸ்டிக்கில் மாறி கப்பன் பார்க் 10 மணி. கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம். 12.30க்குக் கிளம்பி ஜெயநகரில் மதியச் சாப்பாடு. 2.45க்கு ரங்க சங்கரா, 3.30 நாடகம். 5.30க்கு முடிந்தால் 6 மணிக்கு ராகிகுட்டா, 6.45 பொம்மசந்திரா, 8.45 முதல் 9 மணிக்குள் கிருஷ்ணகிரி, 10 மணிக்குள் தருமபுரி.

இரவு 7.30 காட்சிக்கே போக வேண்டும் என்றால் கடைசி மெட்ரோ நேரத்தை அன்றே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாடகம் முடிந்து பொம்மசந்திரா வரவே 10.30, 10.45 ஆகும். சேலம், திருவண்ணாமலை, புதுச்சேரி வண்டிகள் இரவு முழுக்க ஓசூர் சாலையில் வருகின்றன, ஆனால் சிலவற்றில் கிருஷ்ணகிரி, தருமபுரி பயணிகளுக்கு இடம் தரத் தயங்குவார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற வெளிச்சமும் கூட்டமும் உள்ள நிறுத்தத்தில் ஏறுவது நல்லது. ஏறும்போதே “பஸ் ஸ்டாண்டு உள்ள வருமா, பைபாஸா?” என்று கேளுங்கள். பைபாஸில் இறக்கிவிட்டால் இரவு ஒரு மணிக்கு ஆட்டோ கிடைக்காது. வீட்டிலிருந்து யாராவது வண்டி எடுத்து வர முன்பே சொல்லி வைக்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் இந்தக் காட்சியை எடுக்காமல் இருப்பதே மேல்.

பள்ளி, கல்லூரிக் குழுவாக

ஆசிரியர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே மையத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: எத்தனை மாணவர்கள், எந்த வகுப்பு, எந்த மொழி, வந்து சேரும் நேரம். தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதினால் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். கேலரியில் ஒரு குழுவுக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. வேன் அமர்த்தும்போது கர்நாடகத்துக்குள் ஓட்ட பெர்மிட்டும் வரியும் கட்டியிருக்கிறதா என்று உரிமையாளரிடம் தாளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பள்ளிப் பேருந்து என்றால் தனி அனுமதி வாங்கியாக வேண்டும். அத்திப்பள்ளியில் வண்டியை ஓரம் கட்டினால், அன்றைய 3.30 காட்சியை மறந்துவிட வேண்டியதுதான்.